மந்தநிலையில் பட்டம் பெறும் சிவில் பொறியாளர்: எந்த வழியை எப்போது எடுக்கலாம்?

பொருளாதாரம் சரிந்துகொண்டிருக்கும் ஆண்டில் சிவில் பொறியியல் பட்டத்துடன் வெளியே வருபவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். குறைந்த சம்பளத்துக்குச் சைட்டில் சேர்வதா, அரசுத் தேர்வுக்குப் படிப்பதா, மேற்படிப்புக்குப் போவதா, வெளிநாடு செல்வதா, அல்லது துறையையே மாற்றிக்கொள்வதா? பெரும்பாலோர் இந்த வழிகளைச் சம்பளத்தை வைத்து ஒப்பிடுகிறார்கள். சம்பளம் முக்கியம்தான், ஆனால் மந்தநிலையில் அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டியது, அந்த வேலைக்கான பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதே. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

## கட்டுமானம் ஏன் இவ்வளவு ஆழமாகச் சரிகிறது

கட்டடங்கள் பெரும்பாலும் கடன் பணத்தில் எழுபவை, தள்ளிப்போடக் கூடியவையும்கூட. வட்டி ஏறினாலோ வங்கிகள் கடனை இறுக்கினாலோ முதலில் நிற்பவை தனியார் வீடுகளும் வணிக வளாகங்களும்தான். அமெரிக்காவில் 2006-இல் கட்டுமானத் துறையில் ஏறத்தாழ 77 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள். 2011 தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 55 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. பழைய உச்சத்தை மீண்டும் எட்டப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஸ்பெயினில் வீழ்ச்சி இன்னும் கொடியது. 2007 வாக்கில் சுமார் 27 லட்சமாக இருந்த கட்டுமானப் பணியாளர் எண்ணிக்கை 2014 தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கும் கீழே போனது.

ஆனால் துறையின் எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. தனியார் கட்டுமானம் முடங்கிய அதே நாட்களில், 2008 நவம்பரில், சீனா 4 லட்சம் கோடி யுவான் மதிப்பிலான ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. அதில் பெரும்பங்கு ரயில் பாதைகளுக்கும் சாலைகளுக்கும் பிற உள்கட்டமைப்புக்கும் சென்றது. 2009 பிப்ரவரியில் அமெரிக்கா கொண்டுவந்த 787 பில்லியன் டாலர் மீட்புச் சட்டத்தில் போக்குவரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 48 பில்லியன் ஒதுக்கப்பட்டது. அதற்கும் முன்பு, 1930-களின் பெருமந்தத்தின் நடுவில்தான் ஹூவர் அணை 1931 முதல் 1935 வரை எழுந்தது. கோல்டன் கேட் பாலத்தின் வேலை 1933 ஜனவரியில் தொடங்கியது. இரண்டுக்கும் பின்னால் இருந்தவை பொது அமைப்புகள். இதை விதியாகக் கொள்ளவும் கூடாது. 2010-க்குப் பிறகு ஸ்பெயின் அரசு செலவைக் குறைத்தபோது பொதுப்பணிகளும் சேர்ந்தே சுருங்கின. ஆகவே, உங்கள் நாட்டு அரசு சரிவின்போது செலவைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்பதை வரவுசெலவுத் திட்டத்திலும் டெண்டர் அறிவிப்புகளிலும் பார்த்துத் தெரிந்துகொள்வது வேலை தேடலின் முதல் படி.

சரிவின் வரிசையும் கவனிக்கத்தக்கது. புதிய திட்டங்கள் நின்றவுடன் முதலில் வெறிச்சோடுவது வடிவமைப்பு அலுவலகம். சைட்டில் ஏற்கெனவே தொடங்கிய வேலைகள் மேலும் ஓராண்டு, ஈராண்டு ஓடுவதால் அங்கே ஆட்குறைப்பு தாமதமாகவே வரும். மீட்சியிலும் அதே வரிசைதான். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் மாதந்தோறும் வெளியிடும், வடிவமைப்பு அலுவலகங்களின் வருவாய்ப் போக்கைக் காட்டும் கட்டண வருவாய்க் குறியீடு, குடியிருப்பு அல்லாத கட்டுமானத்தின் போக்கை ஏறத்தாழ ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே காட்டிவிடுகிறது. நீங்கள் சரிவின் எந்தக் கட்டத்தில் பட்டம் பெறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே விடையும் மாறும்.

## எதை வைத்து எடைபோடுவது

பணத்தின் ஊற்று முதலாவது. சம்பளம் தேதி தவறாமல் கைக்கு வருமா என்பது இரண்டாவது. இவ்விரண்டும் நிறுவனத்தைப் பற்றியவை. மற்றவை உங்களைப் பற்றியவை: இரண்டு ஆண்டுகள் கழித்து உங்களிடம் காட்டத்தக்க சான்று என்ன இருக்கும், அங்கிருந்து வேறு இடத்துக்கு நகர முடியுமா, சம்பளச் சீட்டில் தெரியாத செலவு எது.

நகர முடிவதை நான் தனியாக வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கனடாவின் பட்டதாரிகளை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, மந்தநிலையில் வேலைக்கு வருபவர்களின் வருமானம் தொடக்கத்தில் சராசரியாக 9 விழுக்காடு குறைந்திருப்பதையும், ஐந்தாண்டுகளில் அந்த இழப்பு பாதியாகி, பத்தாண்டுகளில் மறைந்துவிடுவதையும் கண்டது. இழப்பை ஈடுகட்டியவர்கள் பெரும்பாலும் முதலில் கிடைத்த சிறிய நிறுவனத்திலிருந்து மேலான நிறுவனத்துக்கு மாறிச் சென்றவர்கள். முதல் வேலை சிறியதாக இருப்பது தீங்கு அல்ல. அதிலிருந்து வெளியே எடுத்துச் செல்ல ஒன்றும் இல்லாமல் போவதே தீங்கு.

## ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியர்

சந்தை முடங்கியிருக்கும்போதும் ஓரளவு காலியிடம் இருப்பது இங்கேதான். ஆனால் ‘சைட் வேலை’ என்ற ஒரே பெயருக்குள் மிகவும் வேறுபட்ட இரண்டு வேலைகள் இருக்கின்றன. வாங்குபவர்களின் முன்பணத்தில் அடுக்குமாடி வீடு கட்டும் நிறுவனத்தில் சேர்வதும், சாலை, குடிநீர், ரயில் பாதை வேலைகளை அரசு டெண்டரில் எடுத்துச் செய்யும் நிறுவனத்தில் சேர்வதும் ஒன்றல்ல. சீனாவின் வீட்டுக் கட்டுமான நிறுவனமான எவர்கிராண்டே 2021-இல் கடன் நெருக்கடியில் சிக்கியபோது, விற்று முடித்த வீடுகளே பாதியில் நின்றன. அரசு வேலை எடுக்கும் நிறுவனம் என்பதும் முழுக் காப்பு ஆகாது. மருத்துவமனைகள், சாலைகள், ரயில் பணிகள் என்று அரசு ஒப்பந்தங்களை ஏராளமாக வைத்திருந்த பிரிட்டனின் கரிலியன் நிறுவனம் 2018 ஜனவரியில் கலைக்கப்பட்டது. மிகக் குறைந்த லாபத்துக்கு எடுத்த ஒப்பந்தங்களும் ஏறிக்கொண்டே போன கடனும் அதைச் சாய்த்தன.

மந்தநிலையில் ஒப்பந்ததாரர்கள் வேலையைப் பிடிப்பதற்காக அடக்க விலைக்கே டெண்டர் போடுவார்கள். பிறகு மாதாந்தர பில் தாமதமானால், அதில் ஐந்து முதல் பத்து விழுக்காடு நிறுத்தியும் வைக்கப்பட்டால், அந்த நெருக்கடி இளநிலை ஊழியரின் சம்பளத்தில்தான் முதலில் தெரியும். நேர்காணலில் இதைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். சைட்டுக்கு ஒருமுறை நேரில் போய், ஸ்டோர் கீப்பரிடமும் மேஸ்திரிகளிடமும் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும். சிமெண்டும் கம்பியும் வழக்கம்போல் கடனுக்கு வருகின்றனவா, அல்லது காசு வைத்தால்தான் லாரி இறங்குகிறதா? பொருள் கொடுப்பவர்கள் நம்பிக்கை இழந்துவிட்ட நிறுவனத்தில் சேர வேண்டாம். அவர்களுக்கு அந்த நிறுவனத்தின் நிலை உங்களுக்கு முன்பே தெரியும்.

இங்கே கிடைக்கும் சான்று வேறு எங்கும் கிடைக்காதது. கூரைக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளின் இடைவெளியை டேப்பால் அளந்து, கம்பியைப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்தும் கவர் பிளாக்குகள் நசுங்கிக் கம்பி பலகையில் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, சென்ட்ரிங் முட்டுகளைத் தட்டி ஆட்டிப் பார்த்து, மின் குழாய்கள் பீமுக்குள் கொத்தாக நுழையவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் அனுமதிச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். மறுநாள் ஸ்லம்ப் (புதுக் கான்கிரீட்டின் இளக்கம்) பார்த்து, 150 மில்லிமீட்டர் கியூப்களை (சோதனைக்கான கனசதுரத் துண்டுகளை) நிரப்பி, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் அவற்றை உடைத்து வலிமையைப் பதிய வேண்டும். இதைப் பலமுறை பொறுப்பேற்றுச் செய்தவரிடம் அடுத்த நிறுவனம் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு நேரமும் தேக்கமும்தான். நீண்ட வேலை நாட்கள், விடுப்பு இல்லாத வாரங்கள், ஓராண்டுக்குப் பிறகும் ஆட்களை எண்ணிக் கணக்குச் சொல்வதோடு நின்றுவிடும் வேலை ஆகியவை மிகவும் பொதுவானவை. இதிலிருந்து தப்புவதற்கு ஒரே வழி, முதல் ஆண்டுக்குள் அளவெடுப்பையும் பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்வது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 1.58 கிலோ. இந்தச் சிறு கணக்கில் தொடங்கி, ஒரு மாத வேலை முழுவதையும் அளவுப் புத்தகத்தில் ஏற்றிப் பணமாக்கத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் கடைசியாகத்தான் வீட்டுக்கு அனுப்பும்.

## வடிவமைப்பு அலுவலகம்

சரிவின் தொடக்கத்தில் இங்கே கதவு சாத்தியிருக்கும். சரிவின் அடிமட்டத்தில் முதலில் திறப்பதும் இதே கதவுதான். வேறு நாட்டுத் திட்டங்களுக்கு வரைபடமும் முப்பரிமாண மாதிரியும் செய்துதரும் அலுவலகங்களுக்கு உள்ளூர் மந்தநிலை அவ்வளவாகத் தட்டாது. வாடிக்கையாளர் இருக்கும் நாட்டின் நிலையே அவர்களுடைய நிலை. ஆகவே நேர்காணலில் தற்போது கையில் உள்ள திட்டங்கள் எங்கே நடக்கின்றன என்று தயங்காமல் கேளுங்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு இரு வகை. ஒன்று, சம்பளமில்லாப் பயிற்சி என்ற பெயரில் மாதக்கணக்கில் வரைபடத் திருத்தம் மட்டும் செய்துகொண்டிருப்பது. மற்றொன்று, மென்பொருள் சான்றிதழ்களுக்குக் கொட்டும் பணம். ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ், ரெவிட் ஆகியவை தெரிந்திருக்க வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் சீரான சுமை தாங்கும் எளிய பீமின் நடுவில் வரும் வளைவுத் திருப்புமை (பீமை வளைக்க முயலும் திருப்புவிளைவு), ஒரு மீட்டருக்கான சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் கிடைப்பது. அதைத் தாளில் போட்டுப் பார்த்து, திரையில் வந்த எண் தவறு என்று சொல்லத் தெரியாதவருக்கு எத்தனை சான்றிதழ் இருந்தாலும் மூத்த பொறியாளர் தன் கையெழுத்தை நம்பி ஒப்படைக்கமாட்டார். கணக்கீட்டில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்களுக்கும், அனுபவம் வாய்ந்த ஒருவரின் நேரடி மேற்பார்வை கிடைப்பவர்களுக்கும் இது மிக நல்ல வழி. பல நாடுகளில் தொழில் உரிமம் பெற அத்தகைய மேற்பார்வையின் கீழ் சில ஆண்டுகள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

## ஆய்வும் பராமரிப்பும்

பட்டதாரிகள் மிகக் குறைவாகவே எண்ணிப் பார்க்கும் வழி இது. மந்தநிலையில் நான் முதலில் பரிந்துரைப்பதும் இதையே. புதிய பாலம் கட்டுவதைத் தள்ளிப்போடலாம். இருக்கும் பாலத்தைப் பார்க்காமல் விடுவதைத் தள்ளிப்போட முடியாது. அமெரிக்காவில் 1967 டிசம்பரில் சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்த பிறகு, நாடு முழுவதற்கும் பால ஆய்வு விதிகள் 1971-இல் வந்தன. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு என்பது அங்கே வழக்கமானது. 2018 ஆகஸ்டில் இத்தாலியின் ஜெனோவாவில் மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் உயிரிழந்தபோது, பழைய கான்கிரீட்டைக் கண்காணிப்பதில் உள்ள குறைகள் மீண்டும் உலகின் கண்ணுக்கு வந்தன. சட்டம் கட்டாயப்படுத்தும் வேலைக்குப் பொருளாதார ஏற்ற இறக்கம் பெரிதாகத் தட்டுவதில்லை.

வேலை எளிமையாகத் தொடங்கும். சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீர் என்று ஒலிக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து மேல்பகுதி விலகியிருக்கும் இடத்தில் பொள்ளலான ஒலி வரும். அந்த எல்லையைச் சுண்ணக்கட்டியால் குறித்து, புகைப்படம் எடுத்து, இணைப்பு இடுக்கின் வழியாக ஒழுகும் நீர் எந்தத் தாங்கியின் மேல் விழுகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சேதம் ஏன் வந்தது என்று யோசிக்கப் பழகியவர் பிறகு புதிதாக வடிவமைக்கும்போது அந்தத் தவறுகளைச் செய்யமாட்டார். குறை என்னவென்றால், இத்துறையில் நிறுவனங்கள் குறைவு, தொடக்கச் சம்பளமும் குறைவு, பயணம் மிகுதி. உயரத்தில் ஏறும்போது பாதுகாப்புக் கவசத்தைச் சொந்தச் செலவில் வாங்கச் சொல்லும் இடமாக இருந்தால் அங்கே சேரக் கூடாது.

## அரசுத் தேர்வு

பணத்தின் ஊற்று வரி வருவாய். சம்பள உறுதியில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் இங்கே ஒப்பிட வேண்டியது அரசு வேலையை அல்ல, அரசு வேலைக்கான காத்திருப்பை. சரிவின்போது அரசுகள் புதிய நியமனங்களை நிறுத்திவைப்பதும் உண்டு, போட்டியாளர் எண்ணிக்கை பெருகுவதும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் காத்திருப்பு நீளும். மூன்று நான்கு ஆண்டுகள் படிப்பில் மட்டும் கழிந்து தேர்வும் கைகூடாவிட்டால், அந்த இடைவெளியைத் தனியார் நிறுவனத்தில் விளக்குவது மிகக் கடினம். அறிவிப்பு உண்மையாகவே வெளிவந்திருந்தால், வீட்டில் தாங்கும் வசதியும் இருந்தால், எத்தனை முயற்சிகளோடு நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு முழு மூச்சாகப் படிக்கலாம். மற்றவர்கள் ஏதேனும் ஒரு வேலையில் இருந்துகொண்டே படிப்பது நல்லது. மண் இயக்கவியலும் நீரியலும் சைட்டில் நின்று பார்த்தவருக்குச் சீக்கிரம் மனத்தில் நிற்கும்.

## மேற்படிப்பு

வேலை இல்லாத காலத்தில் படித்துவிட்டால் சந்தை மீளும்போது வெளியே வரலாம் என்பது கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். காலக்கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பரில் விழுந்தது. அந்த இலையுதிர் காலத்தில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பில் சேர்ந்தவர் 2010-இன் நடுவில் வெளியே வந்தார். அமெரிக்கக் கட்டுமான வேலைவாய்ப்போ 2011 தொடக்கத்தில்தான் அடிமட்டத்தைத் தொட்டது. வங்கிக் கடனோடு படித்தவருக்குத் தவணை தொடங்கிய நேரமும் அதுவே.

உதவித்தொகை இருந்தால், நீர்வளம், மண் இயக்கவியல், போக்குவரத்து, கட்டமைப்பு என்று ஒரு பிரிவில் ஆழமாகப் போக விருப்பம் இருந்தால், இதைவிட நல்ல காலம் கிடையாது. வேலை கிடைக்கவில்லை என்பதால் மட்டும் கட்டுமான மேலாண்மையில் சேர்வதை நான் ஊக்குவிக்கமாட்டேன். சைட்டைப் பார்க்காதவருக்கு அந்தப் படிப்பு பிடிபடாது, சைட் அனுபவத்துக்குப் பின்னால் வந்தால் அதே படிப்பு இரட்டிப்புப் பலன் தரும்.

## வெளிநாடு

நாடுகளின் சரிவுகள் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதால் இது நியாயமான வழிதான். ஆனால் அங்கேயும் அதே முதல் கேள்வி. துபாயில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயரமாகத் திட்டமிடப்பட்ட நகீல் கோபுரத்தின் வேலை 2009 ஜனவரியில் நின்றது; அதே ஆண்டு நவம்பரில் துபாய் அரசுக்குச் சொந்தமான துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடனைத் திருப்பிச் செலுத்த அவகாசம் கேட்டது. 2014 நடுப்பகுதியில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் விலை 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியபோது, வளைகுடாவில் ஒப்பந்த நிறுவனங்கள் சில மாதக்கணக்கில் சம்பளம் தர முடியாமல் திணறின. விசா முதலாளியோடு பிணைந்திருக்கும் நாடுகளில் வேலை போனால் தங்கும் உரிமையும் போகும். வேறு இடம் தேட அதிக அவகாசம் இருக்காது. முகவருக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போவது, முதல் ஆண்டுச் சம்பளத்தை முன்கூட்டியே செலவழிப்பதற்குச் சமம். இரண்டு மூன்று ஆண்டு சைட் அனுபவம் உள்ளவருக்கு இது நல்ல வழி. புதிதாகப் பட்டம் பெற்றவருக்குப் பெரும்பாலும் காலத்துக்கு முந்திய முடிவு.

## வேறு துறை

குடும்பத்தில் வருமானம் உடனே தேவை என்றால், கிடைக்கும் கௌரவமான வேலையை ஏற்பதில் தாழ்வு ஒன்றும் இல்லை. விட்டுப்போன பாடத்தை ஈராண்டுகளுக்குள் மீட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் திரும்புவது கடினம் என்பதுதான் இதன் மறைந்த விலை. புவியியல் தகவல் அமைப்பு, திட்ட அட்டவணை, சொத்து மதிப்பீடு, காப்பீட்டுச் சேத மதிப்பீடு போன்ற துறைகள் சிவில் அறிவைக் கைவிடாமல் சம்பளம் தருபவை. முற்றிலும் அந்நியமான துறைக்குப் போவதற்கு முன் இவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | பணத்தின் ஊற்று | இரண்டாண்டுகளில் கிடைக்கும் சான்று | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| சைட், தனியார் வீடுகள் | வாங்குபவரின் முன்பணம், வங்கிக் கடன் | நன்று | சம்பளப் பாக்கி, பாதியில் நிற்கும் வேலை | வேறு வழி இல்லாதவருக்கு |
| சைட், பொதுப்பணி | அரசு ஒதுக்கீடு | மிக நன்று | நீண்ட நேரம், தேக்கம் | உடனே வருமானம் வேண்டுபவருக்கு |
| வடிவமைப்பு | புதிய திட்டங்கள் | நல்ல மேற்பார்வை இருந்தால் மிக நன்று | சம்பளமில்லாப் பயிற்சி | சரிவின் அடிமட்டத்தில் வெளியே வருபவருக்கு |
| ஆய்வு, பராமரிப்பு | சட்டக் கட்டாயம் உள்ள ஒதுக்கீடு | மிக நன்று, அரியது | பயணம், குறைந்த தொடக்கச் சம்பளம் | பொறுமையும் கவனமும் உள்ளவருக்கு |
| அரசுத் தேர்வு | வரி வருவாய் | தேர்ச்சி பெற்றால் மட்டும் | இழந்த ஆண்டுகள் | அறிவிப்பும் வீட்டு ஆதரவும் உள்ளவருக்கு |
| மேற்படிப்பு | சொந்தப் பணம், கடன், உதவித்தொகை | பிரிவைப் பொறுத்தது | கடன் தவணை | உதவித்தொகை பெற்றவருக்கு |
| வெளிநாடு | அந்நாட்டின் வருவாய் | நன்று | முகவர் கட்டணம், விசாப் பிணைப்பு | அனுபவம் உள்ளவருக்கு |
| வேறு துறை | அத்துறையின் நிலை | சிவிலில் இல்லை | திரும்பும் கடினம் | குடும்பப் பொறுப்பு அழுத்துபவருக்கு |

## இரண்டு வாய்ப்புகள் கையில் இருந்தால்

பெரிய வீட்டு நிறுவனம் அதிகச் சம்பளமும், குடிநீர்த் திட்டம் செய்யும் சிறிய ஒப்பந்ததாரர் குறைந்த சம்பளமும் தர முன்வந்தால், அந்தச் சிறிய நிறுவனத்தின் ஊழியர்களுக்கு முந்தைய ஆறு மாதங்களின் சம்பளம் தேதி தவறாமல் வந்திருக்கும் பட்சத்தில் சிறியதையே எடுக்கச் சொல்வேன். இரண்டாண்டு படிப்பும் ஆய்வு நிறுவன வேலையும் ஒன்றாக வந்தால், உதவித்தொகை இல்லாத படிப்பை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு வேலையில் சேரலாம். பல இடங்களில் சேர்க்கையைத் தள்ளிவைக்க அனுமதி உண்டு. எந்த வாய்ப்பும் இல்லாத நிலையில் இருப்பவர், உள்ளூர் நகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ அண்மையில் வெளியிட்ட பணி ஆணைகளைப் பார்த்து, அவற்றை எடுத்த ஒப்பந்ததாரர்களின் பட்டியலைத் தயாரித்து, சுயவிவரத்தை மின்னஞ்சலில் அனுப்புவதோடு நில்லாமல் சைட் அலுவலகத்துக்கே நேரில் போய்த் திட்ட மேலாளரைச் சந்திக்க வேண்டும். வேலை புதிதாகக் கையில் வந்த முதல் சில வாரங்களில்தான் அவருக்கு ஆள் தேவைப்படும்.